கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் மனைவிக்கு நெருக்கமான பரிசு என்ன வாங்குவது?

கேள்வி கேட்ட தம்பிக்கு ஆவணியில் கல்யாணம் ஆகியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம், அப்பா அம்மா அண்ணன் மதினியோடு ஒரே வீடு. பிப்ரவரி 14 வருகிறது, உள்ளாடையோ இரவு உடையோ, தங்கள் இருவருக்கு மட்டுமான ஒன்றை மனைவிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார். எதை வாங்குவது, அளவை எப்படித் தெரிந்துகொள்வது, அவளும் திருப்பி ஏதாவது தருவாள் என்று எதிர்பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான உள்ளாடையும் நைட்டியும் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வாசல்படியில் நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போகும் பையன்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆவணியில் கல்யாணம் என்றால் தலைத் தீபாவளியும் தலைப்பொங்கலும் முடிந்திருக்கும். தீபாவளிக்கு மாமனார் வீட்டில் உங்களுக்கு வேட்டி, சட்டை, முடிந்தால் மோதிரம். அவளுக்குச் சேலை. பொங்கலுக்குப் பொங்கப்படி வந்து இறங்கியிருக்கும்: பானை, கரும்புக்கட்டு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, அரிசி, வெல்லம், காய்கறி. தெருவே நின்று பார்த்திருக்கும். இனி ஆடி வந்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், அதற்கும் ஒரு சீர் உண்டு. எல்லாமே நல்ல வழக்கங்கள்தான். பெற்றவர்களின் பாசம் அதில் இருக்கிறது. ஆனால் எல்லாமே வீட்டுக்கு வீடு போகிறவை. இத்தனை மாசத்தில் உங்கள் கையிலிருந்து அவள் கைக்கு மட்டும் போன பொருள் என்று ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஆசை ரொம்ப நியாயமானது. பிப்ரவரி 14 வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாராவது முகம் சுளித்தால் விடுங்கள். அந்த நாளைக் காதலோடு சேர்த்து எழுதியவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர். பறவைகள் ஜோடி தேடும் நாள் என்று பாடினார். நமக்கும் இது புதிதில்லை. ஐப்பசியில் நெல்லையப்பர் கோயிலில் திருக்கல்யாணம் நடக்கிறது, காந்திமதி அம்மன் தவமிருந்து சுவாமியைக் கைப்பிடிக்கிறாள், ஊரே கூடி நின்று பார்க்கிறது. சிவன் கோயில்களில் ராத்திரி கடைசிப் பூஜையே பள்ளியறைப் பூஜைதான். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்க ஒரு நேரமும் ஒரு அறையும் வேண்டும் என்பதைச் சாமிக்கே ஒத்துக்கொண்ட ஊர் இது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். உள்ளாடை வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்த் துணிக்கொடியைப் பாருங்கள். உங்கள் சட்டை, அண்ணனின் லுங்கி, அம்மாவின் சேலை எல்லாம் வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் மனைவியின் உள்ளாடை கண்ணில் படாது. ஏதாவது ஒரு துண்டுக்கு அடியில், அல்லது பாவாடையின் மடிப்புக்குள் அரைகுறையாகக் காய்ந்துகொண்டிருக்கும். மாமனார், கொழுந்தன் நடமாடுகிற வீட்டில் பெரும்பாலான பெண்கள் அப்படித்தான் காயப்போடுகிறார்கள். நீங்கள் ஆசையாக வாங்கிவரும் சிவப்பு லேஸ் உடுப்பை அவள் எங்கே துவைப்பாள், எங்கே காயப்போடுவாள், எந்த அலமாரியில் வைப்பாள்? மாமியார் துணி மடித்து வைக்க எடுத்தால் என்ன சொல்வாள்? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அவள் தலையில் ஒரு புதுக் கவலையை ஏற்றி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் நினைத்தது சந்தோஷம், அவளுக்குக் கிடைப்பது பதைப்பு. அதனால் உங்கள் முதல் பரிசு, உங்கள் அறைக்குள் பூட்டும் சாவியும் உள்ள ஒரு அலமாரித் தட்டாகவும், ஜன்னல் பக்கம் கட்டிய ஒரு சின்னக் கொடியாகவும் இருந்தால் நான் ரொம்பச் சந்தோஷப்படுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பருத்தித் துணி வெயிலும் காற்றும் பட்டுக் காய வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்ததைப் போட்டுக்கொண்டு, தோல் அரிப்பும் படையுமாக வருகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அளவு விஷயத்தில் ஆண்கள் 'மீடியம் சைஸ்' என்பார்கள், இல்லையென்றால் கடையில் நிற்கும் ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டி 'அவங்களை மாதிரி' என்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெண் கூனிக்குறுகிப் போகிறாள். பிராவுக்கு ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் உண்டு. எண் என்பது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றிவரும் பட்டையின் அளவு, அங்குலத்தில். எழுத்து என்பது மார்பின் சுற்றளவுக்கும் அதற்குக் கீழே உள்ள சுற்றளவுக்கும் இருக்கும் வித்தியாசம்: ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. அதனால் 34 பி-யும் 36 ஏ-யும் கிண்ணத்தின் ('கப்') கொள்ளளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான், பட்டைதான் மாறும். ஆனால் சில கம்பெனிகள் கீழ்ச்சுற்றளவோடு நான்கைந்து அங்குலம் கூட்டித்தான் எண் போடும். அதனால் ஒரே பெண்ணுக்கு ஒரு கம்பெனியில் 34, இன்னொன்றில் 36 என்று வரும். அவள் இப்போது போட்டிருப்பதன் லேபிளைப் படம் எடுத்துவந்து காட்டினால் கம்பெனிப் பெயரும் சேர்ந்து தெரிய வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பல பெண்கள் கல்யாணத்துக்கு முன் அம்மா வாங்கித் தந்த அளவையே இன்னும் போட்டுக்கொண்டிருப்பார்கள், அது அவர்களுக்கே சரியாக இருக்காது. புதுசு வாங்கினால் கடைசி வரிசைக் கொக்கியில் மாட்டும்போது கச்சிதமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளர்ந்த பிறகுதான் உள்வரிசைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அவள் போட்டுப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

போன வருஷம் ஒரு பெண் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, மூடியைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தாள். "அக்கா, இத எடுத்துக்கிடுங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அவள் புருஷன் எங்கள் கடையில் வாங்கியதுதான். அவளுக்கு ஆகிற அளவைவிட இரண்டு அளவு சின்னது. உள்ளாடையை மாற்றித் தருவதில்லை என்பது எங்கள் தொழிலில் பொதுவான வழக்கம், சுகாதாரக் காரணம்தான். உறை பிரிக்காமல் இருந்ததால் எடுத்துக்கொண்டேன். பணத்தை வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நான் இப்படி இருக்கணும்னு நினைக்காங்களோ?" என்று கேட்டாள். அவர் அப்படி நினைக்கவே இல்லை, அளவு தெரியாமல்தான் வாங்கினார். ஆனால் உடம்போடு ஒட்டுகிற பரிசு பேசும். நீங்கள் சொல்லாத வார்த்தையையும் சொல்லிவிடும். அதனால் என் கடைக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன்: முதல் பரிசாக, அவளைக் கேட்காமல் உள்ளாடை வாங்க வேண்டாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் அவளையே கூட்டிக்கொண்டு வாருங்கள். வார நாளில் மத்தியானம் கூட்டம் இருக்காது. உள்ளே அவள் பார்க்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள், என்ன எடுத்தாய் என்று வாசலில் வைத்துக் கேட்காதீர்கள்.

ஆச்சரியமாகத்தான் தர வேண்டும் என்றால் இரவு உடை நல்லது. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உறுத்தாது. அவள் பிரியமாகப் போடும் நைட்டியைத் தரையில் விரித்து, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை அளந்து வாருங்கள். அதை இரட்டிப்பாக்கினால் சுற்றளவு. தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை இன்னொரு அளவு. இந்த இரண்டு எண் போதும். துணி மட்டும் கவனம். பளபளவென்று வழுக்கும் சாட்டினில் விலை குறைந்தவை பெரும்பாலும் பாலியஸ்டர். மாசி பிறந்ததும் நம் ஊரில் வெயில் ஏறிவிடும், சித்திரையில் அதைப் போட்டால் முதுகெல்லாம் வேர்க்குருதான். மெல்லிய பருத்தி, மல் என்கிற சன்னமான பருத்தித் துணி, மோடால் என்கிற மென்மையான மரக்கூழ் இழைத் துணி, இவற்றில் அழகான வேலைப்பாடு வருகிறது. நிறத்தில் உங்கள் ஆசையைக் காட்டுங்கள், துணியில் அவள் வசதியைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சலை உங்கள் ஆபீஸ் முகவரிக்கு வரவையுங்கள். வீட்டுக்கு வந்தால் அம்மாதான் பிரிப்பார்கள்.

சென்ட் வேண்டாம் என்பேன். பாட்டிலில் ஒரு மணம், தோலில் அரை மணி நேரம் கழித்து வேறு மணம். சிலருக்குத் தலைவலியும் வரும்.

கொலுசு நல்ல யோசனை. ஆனால் சலங்கை நிறைய வைத்தது அழகு என்று வாங்கிவிடாதீர்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வீடு முழுக்கக் கேட்கும் என்று கழற்றி வைத்துவிடும் பெண்கள் உண்டு. ஒற்றைச் சலங்கையோ, சலங்கை இல்லாததோ, அவளைப் போல மெல்ல நடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தங்கம் என்றால் அது இருவருக்குள் நிற்காது, வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். வாங்குவதானால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் விற்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். பச்சைக் கோரையை அறுத்து, கீறிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறி, சாயம் ஏற்றி, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்துத் தட்டுகிறார்கள். பட்டுப்பாய் என்று சொல்கிற நைஸ் ரகத்தைக் கையால் தடவினால் கோரை என்றே நம்ப முடியாது, துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் கல்யாண தேதியையும் நெய்தே தருவார்கள். உங்கள் கல்யாணத்துக்கு யாரும் அதைத் தரவில்லையென்றால் நீங்களே சொல்லி வையுங்கள். வீட்டில் யார் பார்த்தாலும் அது பாய்தான், கூச்சப்பட ஒன்றும் இல்லை. விரித்துப் படுப்பது நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இதைவிட நெருக்கமான பரிசை நம் சீமையில் நான் கண்டதில்லை. நைஸ் ரகம் நெய்ய வாரக்கணக்கில் ஆகும், இந்தப் பிப்ரவரிக்குக் கிடைக்காது. ஆவணியில் முதல் கல்யாண நாள் வருகிறதே, அதற்கு இப்போதே சொல்லுங்கள். பெயர்களைத் தெளிவாகத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் எழுத்து மாறிவிடும்.

பிப்ரவரி 14-ஐ ஒட்டி ஓசூர் ரோஜா ஏற்றுமதிக்குப் போய்விடும், விலை எகிறியிருக்கும். பிச்சிப்பூ வாங்குங்கள். பிச்சியா மல்லியா என்று அவளுக்கு ஒரு பிடித்தம் இருக்கும், முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ராத்திரிதான் விரியும். மதினிக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே வாங்குங்கள், வீட்டுக்குக் கால் கிலோ அல்வாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஏதோ வந்திருக்கிறது என்றால் அவளுக்கு மட்டும் வந்ததை யாரும் துருவ மாட்டார்கள்.

கடைசியாக, அவளும் தருவாளா என்று கேட்டீர்கள். ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லெட் தருகிறார்கள், ஆண்கள் ஒரு மாசம் கழித்து, மார்ச் 14 அன்று திருப்பித் தருகிறார்கள். ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஏப்ரல் 23 அன்று ரோஜாவும் புத்தகமுமாக மாற்றிக்கொள்கிறார்கள். அங்கெல்லாம் இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் வேலைக்குப் போகாத மருமகள் கையில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு கர்ச்சீப் வாங்க வேண்டும் என்றாலும் உங்களிடமோ அத்தையிடமோ கேட்டு வாங்க வேண்டும். உங்களிடமே காசு வாங்கி உங்களுக்கே எப்படி ஆச்சரியம் தருவாள்? என் கடையில் புருஷனுக்கு ஏதாவது வாங்கலாமா என்று விசாரித்து, விலையைக் கேட்டதும் 'அப்புறம் வாரேன்க்கா' என்று போன புதுப்பெண்கள் நிறைய. உங்கள் மனைவி சம்பாதிக்கவில்லை என்றால், மாசம் பிறந்ததும் அவள் பெயரில் உள்ள கணக்கில் உங்களால் முடிந்த ஒரு தொகையைப் போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காதீர்கள். அவளுக்குத் தோன்றும்போது உங்களுக்கு ஏதாவது வாங்குவாள், தன் அம்மாவுக்கும் வாங்குவாள்.