நோட்டு நிறைய யோசனைகள்: திட்டமாக்குவது எப்படி?

கேள்வி: பண்ருட்டி அருகே நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து பலாக்காய் சிப்ஸ் போட்டுப் புதுச்சேரிக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். நாற்பது யோசனைகள் எழுதியும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மன வரைபடம் போட்டால் உதவுமா?

பதில்: உதவும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தாளின் நடுவே வட்டமிட்டுக் கிளை பிரிக்கத் தொடங்கினால், முதலில் பேசுபவரின் எண்ணமே பெருங்கிளையாகி, மற்றவர்கள் சொல்வதெல்லாம் அதன் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிடா தம் களக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய கே.ஜே. முறை, அதாவது யோசனைகளைச் சீட்டுகளில் எழுதிக் குவியல்களாகச் சேர்ப்பது, உங்கள் ஐவருக்கும் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஒரு சீட்டுக்கு ஒரு யோசனை என எழுதித் தரையில் பரப்புங்கள். ‘விற்பனை’ என்று மொட்டையாக எழுதாமல், ‘நேரு வீதியில் மூன்று கடைகளில் 100 கிராம் பாக்கெட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்று கேட்பது’ என்று எழுதுங்கள். பிறகு ஐவரும் வாய் திறக்காமல், உறவுள்ள சீட்டுகளை அருகருகே நகர்த்த வேண்டும். ஒருவர் வைத்ததை மற்றவர் மாற்றலாம். இந்த மௌனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனெனில் கூட்டத்தில் தயங்குபவரின் கையும் அப்போதுதான் நகரும்.

குவியலுக்குத் தலைப்பு கடைசியில்தான். ‘ஒருமுறை பொரித்த எண்ணெயிலேயே மீண்டும் பொரித்தால் சிக்கு வாடை’, ‘பாக்கெட்டில் காற்றுப் புகுந்து நமுத்துப்போவது’, ‘கடைக்காரர் திருப்பி அனுப்பும் சரக்கு’ ஆகிய மூன்றும் சமையல், பேக்கிங், விற்பனை என்று நோட்டில் சிதறிக் கிடந்திருக்கும். தரையில் ஒன்றுசேரும்போதுதான் ‘எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?’ என்பதே அவற்றின் தலைப்பு என்று தெரியும்.

இப்போது குவியல்களை ஒரு சார்ட்டில் மன வரைபடமாக வரையுங்கள். அது உறவைக் காட்டுமே தவிர, வரிசையைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு கிளையிலும் ‘இது முடியாமல் எது தொடங்காது?’ என்று கேட்டு அம்புக்குறி போடுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாமல் லேபிளில் தேதி அச்சிட முடியாது. லேபிள் இல்லாமல் கடைக்குப் போக முடியாது. எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ள, பாக்கெட்டுகளை அடைத்து வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்துப் பலா சித்திரை முதல் ஆனி வரைதான் தாராளமாகக் கிடைக்கும் என்பதால், சோதனைச் சட்டியைச் சித்திரையிலேயே அடுப்பில் ஏற்றியாக வேண்டும்.

இந்தச் சோதனைக்கான ஒரு சீட்டில் நாளும் பொறுப்பேற்பவரின் பெயரும் எழுதுங்கள். அதிலிருந்து அம்புகள் போகும் ஐந்தாறு சீட்டுகளுக்கும் அப்படியே. மற்றவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள், சோதனை முடிந்ததும் பிரிக்கலாம்.