பெல்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் போல்ட்டைக் காட்டுங்கள்

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) என்று சேதி வந்தால் போதும், நீலகிரியிலிருந்து ஹார்னஸ், அதாவது ரேஸ் சீட் பெல்ட் பற்றிய கேள்விகள் வரிசையாக இறங்கிவிடும். வந்ததில் பாதிக்கு மேல் "எந்த பிராண்டு வாங்கலாம்" என்பதுதான். அவற்றை ஒதுக்கிவிட்டேன். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் லேபிள் உள்ள, தேதி முடியாத ஆறு பாயிண்ட் ஹார்னஸ் (தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே இரண்டு பட்டை) எதை வாங்கினாலும் சரி. பணத்தைக் கொட்டி வாங்கிய பெல்ட்டை எங்கே, எந்தக் கோணத்தில் மாட்டுகிறோம் என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

ஸ்விஃப்ட்டில் பக்கெட் சீட் போட்டு நாலு பாயிண்ட் ஹார்னஸ் மாட்டியிருக்கிறேன். ஷோல்டர் ஸ்ட்ராப்பை இறுக்கினால் பக்கிள் மேலே ஏறி வயிற்றில் வந்து நிற்கிறது. லேப் பெல்ட்டை இன்னும் இறுக்கினால் சரியாகுமா அண்ணா? (கேத்தி வாசகர்)

ஆகாது தம்பி. நாலு பாயிண்ட்டின் குணமே அதுதான். நீங்கள் கையால் இறுக்கும்போதே மேலே ஏறுகிற பக்கிள், கார் நேராகப் போய் மோதும்போது என்ன செய்யும்? உடம்பு முன்னால் பாயும், ஷோல்டர் ஸ்ட்ராப் இரண்டும் பக்கிளை மேலே இழுக்கும், அதோடு லேப் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு நழுவி வயிற்றுக்குப் போய்விடும். இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னால் சறுக்கும். ரேஸ்காரர்கள் சப்மரைனிங் என்று சொல்வது இதைத்தான். இடுப்பெலும்பு அடியைத் தாங்கும். வயிற்றில் இருப்பது கல்லீரலும் மண்ணீரலும் குடலும். அங்கே பெல்ட் அழுத்தினால் பெல்ட்டே ஆளைக் கொன்றுவிடும்.

கால்களுக்கு நடுவே வரும் சப் ஸ்ட்ராப் எதற்கு என்று பலருக்குக் குழப்பம். ஆளை முன்னால் போகாமல் பிடிப்பது அதன் முதல் வேலை இல்லை. பக்கிளைக் கீழேயே வைத்து, லேப் பெல்ட்டை அதன் இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதனால் ஆறு பாயிண்ட்டுக்கு மாறுங்கள். உங்கள் சீட்டில் சப் ஸ்ட்ராப்புக்கு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கிரைண்டரை எடுத்து ஃபைபரை வெட்டிவிடாதீர்கள், சீட்டை மாற்றுங்கள்.

லேப் பெல்ட்டும் சீட்டின் பக்கவாட்டு விளிம்புக்கு மேலாகப் போகக்கூடாது, சீட்டில் உள்ள ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இடுப்பிலிருந்து பின்னால் கீழ்நோக்கி 45 டிகிரிக்குக் குறையாத சரிவு இருக்கட்டும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் துருத்தும் எலும்பை விரலால் தேடுங்கள். எலும்பு பெல்ட்டுக்கு மேலே தட்டுப்பட வேண்டும். பேண்ட் பெல்ட் போடும் இடத்துக்கும் கீழே, தொடை மடிகிற இடத்தில் இருந்தால்தான் சரி. முதலில் லேப் பெல்ட், அப்புறம் சப் ஸ்ட்ராப், கடைசியில் ஷோல்டர். இறுக்குகிற வரிசை இதுதான், மாற்றாதீர்கள்.

பின்சீட்டைக் கழற்றிவிட்டேன். பின்சீட் பெல்ட் இருந்த ஃப்ளோர் ஓட்டையிலேயே ஷோல்டர் ஸ்ட்ராப்பை மாட்டலாமா? கம்பெனி போட்ட ஓட்டைதானே சார்? (கூடலூர் வாசகர்)

ஓட்டையின் பலத்தில் குறையில்லை. கோணம்தான் உதைக்கும். ஸ்ட்ராப் உங்கள் தோளிலிருந்து சீட் முதுகைத் தாண்டிச் செங்குத்தாகக் கீழே இறங்கினால், மோதும்போது அது உங்களைப் பின்னால் இழுக்காது, கீழே அழுத்தும். அந்த அழுத்தம் முழுக்க முதுகுத்தண்டு மேல் விழும். எஃப்.ஐ.ஏ. விதிப்படி ஷோல்டர் ஸ்ட்ராப் படுக்கை மட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக்கூடாது. 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்றும் அதுவே சொல்கிறது. ஒரு நேரான குச்சியைச் சீட் மேல்விளிம்பிலிருந்து போல்ட்டுக்கு வைத்து, அதன் மேல் போனை வைத்து ஆங்கிள் பாருங்கள். சின்ன ஹேட்ச்பேக்கில் ஃப்ளோர் ஓட்டை இந்தக் கணக்குக்குள் வருவது கஷ்டம். இன்னொன்று, ஸ்ட்ராப் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழுபடும். ஃப்ளோர் வரை போகிற ஸ்ட்ராப் அதிகம் இழுபட்டு, தலையை ஸ்டீயரிங் பக்கம் இன்னும் கொஞ்சம் அனுப்பும்.

சரியான வழி, ரோல் கேஜில் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு) சீட்டுக்குப் பின்னால் தோள் மட்டத்தில் ஒரு குறுக்குக் குழாய். 38 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. தடிமன், அல்லது 40-க்கு 2. வெல்டிங் மூட்டு இல்லாத, கோல்டு டிரான் சீம்லெஸ் குழாய்தான் வேண்டும். கேட் செய்யும் பைப்பைக் காட்டி "இதுவும் இரும்புதானே சார்" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஸ்ட்ராப்பைக் குழாயில் சுற்றி, மூன்று கம்பி உள்ள ஸ்லைடரில் கோத்த பிறகு, வால் முனையைத் திருப்பி இன்னொரு முறை உள்ளே கொடுக்க வேண்டும். ஒரே தரம் கோத்துவிட்டு நிறுத்தினால் கையால் இழுக்கும்போது உறுதியாகத் தெரியும், பளு விழுந்தால் வழுக்கிவிடும். ஸ்லைடர் குழாயை ஒட்டி இருக்கட்டும், வால் ஒரு 10 செ.மீ. மிச்சம் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் ஸ்ட்ராப் உள்ளேயோ வெளியேயோ 20 டிகிரிக்கு மேல் விலகக்கூடாது.

ஃப்ளோரில் ஓட்டை போட்டுப் பெரிய வாஷர் வைத்தால் போதாதா? (குன்னூர் வாசகர்)

போதாது. எஃப்.ஐ.ஏ. கணக்கில் ஒவ்வொரு பாயிண்ட்டும் 1470 டெக்காநியூட்டன் தாங்க வேண்டும். நம் கணக்கில் சுமார் ஒன்றரை டன் இழுவை. சப் ஸ்ட்ராப்புக்கு மட்டும் 720. ஃப்ளோர் தகரம் தனியாக இதைத் தாங்காது, வாஷரோடு கிழிந்து மேலே வரும். அடிப்பக்கத்தில் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பிளேட் வைக்கச் சொல்கிறார்கள். ஆறரைக்கு ஆறரை செ.மீ. சதுரமாக வெட்டினால் கணக்கு சரியாகிவிடும். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூரான மூலை தகரத்தைக் கத்தியாக அறுக்கும். போல்ட் எம் 12, அல்லது அங்குலக் கணக்கில் 7/16 யு.என்.எஃப். எம் 12 வாங்கினால் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஹார்டுவேர் கடையில் எடைக்குப் போடும் மொட்டைத் தலை போல்ட்டைத் தொடவே வேண்டாம். பெல்ட்டை சீட்டிலோ சீட் ஸ்டாண்டிலோ மாட்டவும் கூடாது, அது விதியிலேயே தடை.

துளை போடும் முன் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஃப்ளோரைத் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் தகரம் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் அண்டர் கோட்டிங்குக்குள் துருதான் இருக்கிறது. முதலில் டிங்கரிங் ஆளைப் பாருங்கள். கூடலூர்க் கார் என்றால் தென்மேற்கு மழை, குன்னூர்க் கார் என்றால் ஐப்பசி கார்த்திகை மழை. எதிலும் நனையாத ஃப்ளோரை இந்த மலையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ட்ராக்குக்குப் போகும்போது கோத்தகிரியிலிருந்தே ஹார்னஸ் கட்டிக்கொண்டு ஓட்டிப் போகலாமா? (கோத்தகிரி வாசகர்)

வேண்டாம். கம்பெனி மூன்று பாயிண்ட் பெல்ட்டைக் கழற்றாமல் வைத்திருந்து, ரோட்டில் அதைப் போடுங்கள். ஹார்னஸ் கட்டினால் தோள் நகராது. கொண்டை ஊசி வளைவில் மேலே வரும் பஸ்ஸை எட்டிப் பார்க்க முடியாது, பின்னால் திரும்ப முடியாது. பலாப்பழ சீசனில் குன்னூர் ரோட்டில் பர்லியாறு பக்கம் யானை நிற்கும். ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? கேஜ் இல்லாத கார் உருண்டு கூரை நசுங்கினால், மூன்று பாயிண்ட்டில் உடம்பு சாயக் கொஞ்சம் இடம் உண்டு. ஹார்னஸில் நிமிர்ந்தே இருப்பீர்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி-யில் 1000 ரூபாய் அபராதம். செக்போஸ்டில் நின்று ஹார்னஸும் பெல்ட்தான் என்று வாதாடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கு இருந்தால் சரி.

மூடுபனிக் காலத்தில் பெல்ட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. ப்ளீச் போட்டுத் துவைக்கலாமா? அப்படியே, செகண்ட் ஹேண்ட் ஹார்னஸ் வாங்கலாமா? (குந்தா வாசகர்)

ப்ளீச், பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது, நூல் பலம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், லேசான சோப்பு, நிழலில் காயவைப்பது. அவ்வளவுதான். குளிர்கிறதே என்று ஊட்டி வெயிலில் நாள்கணக்காகப் போடாதீர்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், பட்டையை அது தின்னும்.

செகண்ட் ஹேண்டில் விலையைக் கேட்கும் முன் லேபிளைப் பாருங்கள், எந்த வருஷம் வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். லேபிள் வெட்டியிருந்தால் நடையைக் கட்டுங்கள். ஒரு முறை மோதிய காரில் இருந்த பெல்ட் என்றால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் வேண்டாம். அதன் நூல் ஏற்கெனவே இழுபட்டுவிட்டது.

மகள் ரேஸ் ஓட்ட ஆரம்பித்திருக்கிறாள். ஹான்ஸ் (தலையையும் கழுத்தையும் காக்கும் தோள் சட்டம்) வாங்கித் தரலாமா? (வெலிங்டன் வாசகி)

தாராளமாக வாங்குங்கம்மா. மோதும்போது உடம்பை ஹார்னஸ் பிடித்துவிடும், ஹெல்மெட் போட்ட தலையைப் பிடிக்க ஆள் இல்லை. ஹான்ஸின் வேலை அதுதான். ஃபார்முலா ஒன்னில் 2003-லிருந்து கட்டாயம். ஆனால் அது ஹார்னஸோடு மட்டும்தான் வேலை செய்யும். ஷோல்டர் ஸ்ட்ராப் இரண்டும் அதன் மேல் அழுத்தி உட்கார வேண்டும். மூன்று பாயிண்ட் பெல்ட்டோடு போட்டுப் பயனில்லை. ஹெல்மெட்டில் அதற்கான கொக்கி கம்பெனியிலேயே வைத்து வந்ததாக வாங்குங்கள். வீட்டு டிரில்லால் ஹெல்மெட்டில் ஓட்டை போட யாரையும் விடாதீர்கள்.

நானும் தம்பியும் ஒரே காரை மாறி மாறி ஓட்டுகிறோம். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். ஒரே செட்டிங் போதுமா? (ஊட்டி வாசகர்)

போதாது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தினாலே எல்லாக் கோணமும் மாறிவிடும். சீட்டில் ஷோல்டர் ஸ்ட்ராப் ஓட்டை தோள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். உங்களுக்குச் சரியாக இருப்பது அவருக்குத் தோளுக்குக் கீழே போய்விடும். உயரமானவருக்கு ஏற்றபடி சீட்டை நிலையாக மாட்டிவிட்டு, நீங்கள் உட்காரும்போது கெட்டியான இன்சர்ட் (சீட்டுக்குள் வைக்கும் அமுங்காத திண்டு) வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையோ தலையணையோ வேண்டாம், அமுங்கினால் பெல்ட் தளர்ந்துவிடும். அப்புறம் இரண்டு பேரும் முழு கிட், கிளவுஸ், ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, பக்கிளைத் திருகிவிட்டு வெளியே வந்து பாருங்கள். கிளவுஸ் போட்ட கையில் பக்கிள் சிக்கினால், அதை ட்ராக்கில் அல்ல, வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம்.