அறுவை செய்த மணிக்கட்டில் மீண்டும் இடைவெளி: இது தோல்வியா?

மணிக்கட்டில் அறுவை செய்த பிறகும் எலும்புகளுக்கு நடுவே மீண்டும் இடைவெளி தெரிகிறதே, அறுவை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் இடைவெளி திரும்பத் தெரிவதை மட்டும் வைத்து அறுவை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்காஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிறிய மணிக்கட்டு எலும்புகளை இணைக்கும் லிகமென்ட் என்ற இணைப்பு நாரைத் தைத்தவர்களில் பலருக்கு, ஆண்டுகள் போகப்போக அந்த எலும்புகளுக்கு நடுவே இடைவெளி ஓரளவு விரிகிறது. ஆனாலும் வலி குறைந்தே இருக்கிறது, கை வேலைக்கு உதவுகிறது. மணிக்கட்டு முழுதாக மடங்காததும், பிடி பழைய வலுவை எட்டாததும் எதிர்பார்க்க வேண்டியவையே.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள கோவில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவை இறக்கும்போதுதான் வலி என்கிறீர்கள். மணிக்கட்டு பின்னோக்கி வளைந்திருக்க, அதன்மேல் பாரம் ஏறுவதே பெரும்பாலும் காரணம். இரண்டு வாரம் அண்டாவை வேறொருவர் இறக்கட்டும். நீங்கள் கரண்டியோடு நில்லுங்கள், அதுவும் சேவைதான். வலி அடங்குகிறதா பாருங்கள்.

அடுத்து டர்பனில் டாக்டரைப் பார்க்கும்போது, முஷ்டியை இறுக்கி மூடிய நிலையில் இரண்டு மணிக்கட்டுகளையும் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். தளர்ந்த கையில் மறைந்திருக்கும் விரிவு அதில் தெரியும். நல்ல கையோடு ஒப்பிடவும் முடியும்.

ஆனால் சும்மா இருக்கும்போதும் வலித்தாலோ, கட்டைவிரல் பக்கம் வீங்கினாலோ தள்ளிப்போடாதீர்கள். மூட்டுத் தேய்மானம் பரவிவிட்டால் மறுபடி தைப்பது பயன் தராது. அசைவைக் குறைக்கும் வேறு அறுவைகளே மிஞ்சும்.