அமெரிக்க விடுதலைப் போரும் அயல்நாடுகளும்: கேள்வி பதில்

கேள்வி: மன்னராட்சி நடந்த பிரான்ஸ், மன்னரை எதிர்த்துக் கிளர்ந்த அமெரிக்கர்களுக்கு உதவியது ஏன்?

பதில்: ஏழாண்டுப் போரில் தோற்று 1763இல் கனடாவைப் பிரிட்டனிடம் இழந்த பிரான்ஸ், அந்தப் பழியைத் தீர்க்கக் காத்திருந்தது, குடியாட்சிக் கொள்கையில் பதினாறாம் லூயிக்குப் பற்று ஏதும் இல்லை. நாடகாசிரியர் பொமார்ஷே 1776இல் தொடங்கிய போலி வணிக நிறுவனத்தின் வழியே துப்பாக்கிகளும் வெடிமருந்தும் மறைவாகச் சென்றன. 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் படையொன்று சரணடைந்த பின்னரே, 1778 பிப்ரவரி 6இல் வெளிப்படையான கூட்டணி உடன்படிக்கை கையெழுத்தானது.

கேள்வி: ஸ்பெயினும் அமெரிக்காவின் கூட்டாளிதானே?

பதில்: அல்ல. அது 1779இல் பிரான்சின் கூட்டாளியாகவே போரில் இறங்கியது. அதன் கண் பிரிட்டன் வசமிருந்த ஜிப்ரால்டர் கோட்டை மீதிருந்தது. அமெரிக்கக் கண்டத்தில் தானே பரந்த குடியேற்றங்களை ஆண்ட நாடு, கிளர்ச்சியாளர்களை வாழ்த்தத் தயங்கியதில் வியப்பில்லை.

கேள்வி: யார்க்டவுன் வெற்றி யாருடையது?

பதில்: வாஷிங்டனுடையது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. 1781 செப்டம்பர் 5இல் செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸின் கப்பற்படை பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியிராவிட்டால், யார்க்டவுனில் இருந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் கடல்வழியே தப்பியிருப்பார். கடலும் அடைபட்டு, தரையில் ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து சூழ்ந்துகொண்டதால், அக்டோபர் 19இல் அவரது படை சரணடைந்தது.

கேள்வி: நான் கடலூர்க்காரன். இங்கு 1783இல் நடந்த சண்டைக்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, இந்தப் போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று உங்கள் ஊரில்தான் நடந்தது. பிரான்ஸ் போரில் இறங்கியதும் ஆங்கிலேயர் 1778இல் புதுச்சேரியையும், மறு ஆண்டு மலபார்க் கரையிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான மாகேயையும் பிடித்தனர். மாகே வழியாகத் தளவாடம் பெற்றுவந்த ஹைதர் அலி, வேறு மனக்கசப்புகளோடு இதுவும் சேர, 1780இல் கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆர்க்காட்டு நவாபின் நாடு) படையெடுத்தார். டச்சுக்காரரும் பகைவராகிவிட்டதால், 1781இல் நாகப்பட்டினமும் 1782 ஜனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயர் வசமாயின. திருகோணமலையை அதே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் மீட்டார். 1783 ஜூனில், பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி காத்து நின்ற கடலூரை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்தபோது, சுஃப்ரன் 15 போர்க்கப்பல்களுடன் வந்து 18 கப்பல்கள் கொண்ட ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸின் படையை விலகச் செய்தார். ஜூன் 25இல் புஸ்ஸியின் வீரர்கள் கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கித் தோற்றனர். ஆனால் வெர்சாயில் அமைதிக்கான முதற்கட்ட உடன்படிக்கை ஜனவரி 20இலேயே கையெழுத்தாகிவிட்டது; அந்தச் செய்தி கப்பலேறி இங்கு வந்துசேர்ந்தது ஜூன் மாத இறுதியில்தான். புதுச்சேரி பின்னர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. நாகப்பட்டினம் டச்சுக்காரரிடம் திரும்பவே இல்லை.