குழுப் பணம், குழுக் கணக்கு: சேலம் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கீழே சேலம் சுற்றுவட்டாரத்திலும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதவும் பார்க்கவும் கற்றுக்கொடுத்து வருகிறேன். குழு பற்றிச் சகோதரிகள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் 12 பேர். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. சீசனில் கையில் காசு இருக்கும், மற்ற மாதங்களில் இருக்காது. மாதச் சேமிப்பு எவ்வளவு வைக்கலாம்? (நாகலூர்)

உங்களில் ரொம்பவும் கஷ்டப்படுகிறவர் யாரோ, அவரால் ஆடி மாதத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் கேளுங்கள். அதுதான் உங்கள் சேமிப்புத் தொகை. 100 ரூபாய் என்றால் 100 ரூபாயே போதும். 500 என்று வைத்துவிட்டால் முதலில் நின்றுபோவது அந்தப் பெண்தான். அவருக்காகத்தானே குழுவே ஆரம்பிக்கிறோம்? பழம் பறிக்கும் கார்த்திகை முதல் மாசி வரை, முடிந்தவர்கள் கூடுதலாக விருப்பச் சேமிப்பு போடலாம். அதைப் பேரேட்டில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், கட்டாயச் சேமிப்போடு கலக்க வேண்டாம்.

குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் (குழுவின் சொந்தப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்) வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றார்கள். மாதம் 1,000 அசலும் 100 வட்டியுமாகப் பத்து மாதம் கட்டி முடித்தேன். வட்டி சரிதானா? (ஓமலூர்)

சரியில்லை அம்மா. இந்தத் தவறு பல குழுக்களில் நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. முதல் மாதம் உங்களிடம் இருந்த கடன் 10,000, அதற்கு வட்டி 100. அடுத்த மாதம் 9,000தான் பாக்கி, வட்டி 90. இப்படியே 80, 70 என்று குறைந்து பத்தாவது மாதம் 10 ரூபாயில் முடிய வேண்டும். கூட்டினால் 550. நீங்கள் கட்டியதோ 1,000.

அந்த 450 குழுவில்தான் இருக்கிறது, லாபத்தில் எல்லோருக்கும் பங்கு வரும் என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவசரத்துக்குக் கடன் வாங்கியவரிடம் கூடுதலாக வாங்கி, கடனே வாங்காமல் இருப்பவருக்கும் பிரித்துக் கொடுக்கிறோம். இது நியாயமே இல்லை. நிலுவை அசலுக்கு மட்டுமே வட்டி என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, எல்லோரும் கையெழுத்து வையுங்கள்.

இந்தக் குழுக்கள் எப்போது வந்தன? (மேட்டூர், கல்லூரி மாணவி)

1965 வரை நம் சேலத்தோடு இருந்த தர்மபுரியில்தான் 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழக அரசு தொடங்கியது. பிறகு சேலத்துக்கும் வந்தது. 1992இல் நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. 1997-98இல் மாநில அரசின் மகளிர் திட்டம் தொடங்கி, குழுக்கள் படிப்படியாக மாநிலம் முழுக்கப் பரவின.

வங்கியில் கடன் கேட்டால், குழுவின் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்கக் கூடாது என்கிறார்கள். (ஆத்தூர்)

10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கியும் வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். மேலாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் ஊராட்சியில் உள்ள குழுக்கள் எல்லாம் சேர்ந்த ஊராட்சிக் கூட்டமைப்பையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் உடனே கடன் தருகிறார்கள், வாராவாரம் கட்ட வேண்டும். இதுவும் சுய உதவிக் குழுதானே? (வாழப்பாடி)

இல்லை. ஊரில் இரண்டையும் 'குழு லோன்' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. அது மைக்ரோ பைனான்ஸ் நிறுவனத்தின் கடன். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பதற்காகத்தான் அங்கே உங்களைச் சேர்க்கிறார்கள். உங்கள் சேமிப்பு அதில் கிடையாது, வட்டியை நீங்கள் முடிவு செய்வதும் கிடையாது. சுய உதவிக் குழுவில் நீங்கள் கட்டும் வட்டி உங்கள் குழுவுக்கே திரும்பி வருகிறது, அங்கே நிறுவனத்துக்குப் போகிறது.

அவசரத்துக்கு வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இரவில் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு யாராவது சத்தம் போட்டால் பயப்படாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

உங்கள் குழுவில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் அவருடைய எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி அதிகமான ஒன்றை மட்டும் உள்கடன் கொடுத்து முதலில் அடைக்கலாம்.

என் பெயரில் கடன் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இப்போது அவர் கட்ட மாட்டேன் என்கிறார். (அயோத்தியாப்பட்டணம்)

கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையதுதான். குழுவில் மறைக்காமல் சொல்லி, தவணையைச் சின்னதாக்கி, கட்டும் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கடன் கொடுத்த ஒரு மாதத்துக்குள் இரண்டு உறுப்பினர்கள் போய், ஆடு வாங்கினாரா, தையல் மெஷின் வாங்கினாரா என்று நேரில் பார்க்க வேண்டும். வீட்டில் பணத்தைக் கேட்டு நச்சரித்தால், 'குழுவில் வந்து பார்ப்பார்கள்' என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

மிளகைப் பச்சையாகவே வியாபாரி எடுத்துப் போகிறார். காயவைத்து விற்றால் லாபம் என்கிறீர்கள், எங்களால் முடியவில்லையே. (ஏற்காடு மலைக் கிராமம்)

மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். பிறகு ஏன் பச்சையாகக் கொடுக்கிறோம்? மழைக்காலத்திலேயே முன்பணம் வாங்கிவிடுகிறோம், அதனால் விலை சொல்லும் உரிமை போய்விடுகிறது. குழு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஐப்பசிக்கு முன்பே உள்கடன் கொடுத்தால் வியாபாரியிடம் கை நீட்ட வேண்டியதில்லை. முதல் வருஷம் நாலு வீட்டு மிளகை மட்டும் சேர்த்துக் காயவையுங்கள். தார்ப்பாயும் நல்ல தராசும் குழுப் பணத்தில் வாங்கலாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்குக் கேட்டால், குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் சண்டைக்கு வருகிறார். (தாரமங்கலம்)

கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் நான்கு தொகைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: இன்று வசூல், இன்று கொடுத்த கடன், கையில் ரொக்கம், வங்கியில் இருப்பு. உங்கள் தனி பாஸ்புத்தகம் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். மகளையோ பேரனையோ வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். அப்புறமும் மறுத்தால், தணிக்கை வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டமைப்பில் மனு கொடுக்கலாம். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மாற்றலாம். அந்தத் தீர்மான நகலை வங்கியில் கொடுத்து, கையெழுத்துப் போடுபவர்களின் பெயரை அன்றே மாற்றச் சொல்லுங்கள்.