மருந்துக்கு அடங்காத காலரா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மருந்தை எதிர்க்கும் காலரா வந்தால் பிழைக்கவே முடியாதா?

முடியும். காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து போகும் தண்ணீர். 1971இல் வங்க அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்க எல்லை ஊரான போங்கானில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோய்க்கொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் வழியைக் காலரா நச்சு அடைப்பதில்லை. கிருமி எந்த மருந்தை எதிர்த்தாலும் இந்தக் கரைசல் வேலை செய்யும்.

கேள்வி: பிறகு ஆன்டிபயாடிக் எதற்கு?

கடுமையாக நீர் வற்றியவர்களுக்கு. பேதியின் அளவு பாதி வரைக்கும் குறையும், நாட்களும் குறையும். வார்டு நிரம்பி வழியும்போது அது பெரிய விஷயம். லேசான பேதிக்குத் தேவையில்லை.

கேள்வி: எதிர்ப்பு சக்தி கிருமிக்கு எப்படி வருகிறது? மருந்தை நிறுத்தினால் போய்விடுமா?

நல்ல கேள்வி. சில நேரம் கிருமியின் சொந்த மரபணுவிலேயே மாற்றம் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கான எதிர்ப்பு பெரும்பாலும் அப்படி வந்ததுதான். ஆனால் காலராவில் அதிகம் நடப்பது மற்ற பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்குவது. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா கிளம்பியது. அங்கே எடுத்த ஒரு கிருமியில்தான் எஸ்எக்ஸ்டி என்ற மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் உட்படப் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு அந்த ஒரே துண்டில் இருந்தது. ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டும்போது துண்டு அப்படியே கைமாறும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாக்டீரியாவைத் தின்னும் பேஜ் வைரஸ்களை விரட்டும் மரபணுக்களும் இதே துண்டில் இருக்கின்றன. ஆகவே மருந்தே இல்லாத இடத்திலும் கிருமிக்கு அதை வைத்திருப்பதில் லாபம் உண்டு. நிறுத்திய உடனே போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெருவில் வாந்திபேதி. வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

வேண்டாம். தான்சானியாவில் 1977இல் காலரா வந்தபோது நோயாளிகளுக்கும் நோயில்லாதவர்களுக்கும் டெட்ராசைக்ளினை வாரி வழங்கினார்கள். ஐந்தே மாதத்தில் பரிசோதித்த கிருமிகளில் 76 சதவீதம் அந்த மருந்தை எதிர்த்தன. தெருவில் வாந்திபேதி என்றால் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: டாக்ஸிசைக்ளின் என்றால் பரவாயில்லையா?

முந்தைய பதிலேதான். முன்கூட்டியே மாத்திரை வேண்டாம்.

கேள்வி: நான் செவிலியர். தான்சானியா பழைய கதை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்தால் பலன் உண்டு என்று ஆய்வுகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு என்று மருத்துவக் குழு முடிவு செய்து கொடுப்பது வேறு, தெருவே வாங்கி விழுங்குவது வேறு. பழைய கதை என்கிறீர்கள். ஏமனில் 2016இல் தொடங்கிய தொற்றில் கிருமி பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது. அங்கே அசித்ரோமைசின் வகை மருந்துகள் ஏராளமாகப் புழங்கின. 2018 இறுதியில் அவற்றை எதிர்க்கும் பிளாஸ்மிட் (பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் தனி மரபணு வளையம்) ஏறிய கிருமி தலைதூக்கி மற்றதை ஓரங்கட்டியது.

கேள்வி (அதே செவிலியர்): ஏமனில் போரும் கெட்ட தண்ணீரும்தானே காரணம்? மாத்திரை மேல் பழி போடலாமா?

தொற்று பரவியதற்குக் காரணம் அவைதான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பரவிய கிருமிகளில் எது ஜெயிப்பது என்று தீர்மானித்ததில் மருந்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கிருமி அதோடு நிற்கவில்லை. லெபனான், கென்யா, இந்தியப் பெருங்கடல் தீவுகளான கொமொரோஸ், மயோட் என்று போனது. 2024இல் தான்சானியாவிலும் அதைக் கண்டார்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் உட்படப் பத்து மருந்துகளை எதிர்க்கிறது. டாக்ஸிசைக்ளினுக்கு மட்டும் இன்னும் கட்டுப்படுகிறது. அதையும் தெருத்தெருவாகக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன்.

கேள்வி: எதிர்ப்புள்ள கிருமி கொதிநீரில் சாகுமா?

சாகும். குளோரினிலும் சாகும்.

கேள்வி: கோழிப் பண்ணையில் ஆன்டிபயாடிக் பற்றி?

என் துறை இல்லை. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அசித்ரோமைசின் 500 ஒன்று மட்டும் போட்டால்?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வேண்டாம்.

கேள்வி: ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால்? குழந்தை குடித்ததை வாந்தி எடுத்தால்?

கொதித்து ஆறிய 1 லிட்டர் நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள். கண் குழிந்து, குழந்தை துவண்டு, குடிக்க முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடிக்க முடிந்தால் போகிற வழியிலும் கரைசலை நிறுத்தாதீர்கள்.