சபதம் எடுத்து எடுத்துத் தோற்றவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 36. கல்லூரி நாட்களில் தொடங்கிய ஆபாசப் படப் பழக்கம் இப்போது கைமீறிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்தால் விடியும்வரை வைக்க முடிவதில்லை. ஓராண்டாக முன்பின் தெரியாதவர்களுடன் உறவும் ஏற்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘இதுவே கடைசி’ என்று சபதம் எடுக்கிறேன். ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. வேலையில் தவறுக்கு மேல் தவறு. மனைவிக்கு எதுவும் தெரியாது. சில நாட்களில் இருந்துதான் என்ன பயன் என்று தோன்றுகிறது. இது நோயா, என் குணமே இப்படியா? எப்படி மீள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ‘இருந்துதான் என்ன பயன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக அது மாறினால், மற்ற எதற்கும் காத்திருக்காமல் அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

நோயா, குணமா என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை அது ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. ‘அடிமைத்தனம்’ என்று அழைப்பது சரியா என்று மருத்துவர்களுக்குள் விவாதம் நடக்கிறது. நீங்கள் குணமாக அந்த விவாதம் முடிய வேண்டியதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது, நிறுத்த முயன்று திரும்பத் திரும்பத் தோற்பது, வேலையும் உடல்நலமும் உறவுகளும் பாதிக்கப்படுவது, இன்பமே கிடைக்காதபோதும் தொடர்வது ஆகியவை முக்கிய அடையாளங்கள். படம் பார்த்தோமே, சுயஇன்பம் செய்தோமே என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது இந்தக் கோளாறு ஆகாது. அப்படித் தேவையில்லாமல் தன்னை நோயாளியாக நினைத்து வாடுபவர்கள் நிறையப் பேர். நீங்கள் சொல்வது அதைத் தாண்டியது, சிகிச்சை தேவைப்படுகிறது.

உங்கள் சபதங்கள் ஏன் நிற்பதில்லை தெரியுமா? எல்லாம் முடிந்து, ஆசை அடங்கி, வெட்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் சபதம் எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாராலும் உறுதியாக இருக்க முடியும். உந்துதல் வருவதோ இரண்டு நாள் கழித்து, களைத்துப்போய், தனியாக, தூக்கமில்லாமல் கிடக்கும் வேளையில். அந்த வேளைக்கென்று நீங்கள் எந்த ஏற்பாடும் செய்து வைத்திருப்பதில்லை. மன உறுதி போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்வதால் பயனில்லை.

அதனால் இந்த வாரம் புதிய சபதம் வேண்டாம். ஒரு சின்ன நோட்டில், ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். ‘இரவு 11.20. மேலாளர் கோபமாக மெயில் அனுப்பியிருந்தார். தூக்கம் வரவில்லை. செய்தி பார்க்கலாம் என்று போனை எடுத்தேன்.’ இவ்வளவு போதும். படத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் வேண்டாம். சில பக்கங்கள் சேர்ந்ததும் ஒரே வழித்தடம் தெரியும்: போனோடு படுக்கைக்குப் போன அந்த நொடியிலேயே பாதி முடிவாகிவிட்டிருக்கும். தடுப்பு போட வேண்டிய இடம் அதுதான். சார்ஜரைக் கூடத்தில் வையுங்கள். எழுப்புவதற்குத் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செயலிகள், எண்கள், சேமித்து வைத்த கார்டு விவரங்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். மறுபடி போட்டுக்கொள்ள முடியும்தான். ஆனால் அதற்கு ஆகும் சில நிமிடங்களே பல நேரம் காப்பாற்றும்.

உந்துதல் ஏறிக்கொண்டே போகாது. தீனி போடாவிட்டால் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். படுத்தபடி அதோடு மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு வேறு அறைக்குப் போங்கள். நெஞ்சிலா, வயிற்றிலா, மூச்சிலா, எங்கே அது தெரிகிறது என்று கவனியுங்கள். இடையில் ஒருமுறை வழுக்கத்தான் செய்யும். அப்போது ‘போனது போச்சு, இன்றைக்கு முழுக்கப் பார்த்துவிடலாம்’ என்ற எண்ணம் வரும். குடிநோயிலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், ஒரு சறுக்கலைப் பெரிய வீழ்ச்சியாக்குவது இந்த எண்ணமே என்று காட்டினார். போனை அங்கேயே வைத்துவிட்டு, நோட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இதைத் தனியாகவே செய்து முடிக்கப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), மதுப் பழக்கம் போன்றவை பின்னணியில் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற சில மருந்துகளாலும் இது வரலாம். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். முதன்மையான சிகிச்சை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை. சிலருக்கு மருந்தும் உதவுகிறது. நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பலர் ‘தூக்கம் வரவில்லை டாக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாய் வரவில்லையென்றால் எனக்கு எழுதியதை அப்படியே அவர் கையில் கொடுங்கள்.

பாலியல் தொற்றுகளுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்குப் பார்க்க வேண்டும். அறிகுறி இல்லாமலும் தொற்று இருக்கலாம். சமீபத்திய உறவு என்றால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டிவரும். பாதுகாப்பற்ற உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் உடனே போங்கள், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்க வாய்ப்பிருக்கிறது.

மனைவியிடம் சொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அவருடைய உடல்நலமும் இதில் இருக்கிறது. முடிவுகள் தெளிவாகும்வரை ஆணுறை இல்லாமல் அவரோடு சேராதீர்கள். உங்களுக்கு ஏதாவது தொற்று இருப்பது தெரிந்தால் அவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். அப்போது மறைக்கவே கூடாது. மற்றவற்றைக் குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒரு நள்ளிரவில் கொட்டிவிடாதீர்கள். உங்கள் பாரம் குறையும், அவர்தான் நொறுங்கிப்போவார். எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்று சிகிச்சையாளரோடு பேசி, முடிந்தால் அந்தச் சிகிச்சையாளரின் அறையிலேயே சொல்லுங்கள். கேட்டுவிட்டு மனைவி கோபப்படலாம், பிரிந்திருக்கக்கூட விரும்பலாம். அவர் என்ன முடிவெடுத்தாலும் உங்கள் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.